ஒரு பவுண்டு கூலி: தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு டாக்டர் போட்ட சண்டை

சென்னையில் இருக்கறவங்க பக்கிங்ஹாம் கால்வாயைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. பறக்கும் ரயிலில் போனா தூண்களுக்குக் கீழே கறுப்பா ஓடுதே, அதுதான். நகரத்துக்குள்ள அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற அந்தப் பகுதி 1877-78ல் வெட்டப்பட்டது. வெட்டினவங்க பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஜனங்க. நிவாரணம்னா அப்போ சும்மா கிடைக்காது. மண் வெட்டணும், கல் உடைக்கணும், ரோடு போடணும். அதுக்குக் கூலி உண்டு.

அந்தக் கூலி எவ்வளவு இருக்கணும்? இன்னைக்கு எபிசோட் இந்த ஒரு கேள்வியைப் பத்தித்தான். 1877ன் முதல் சில மாதங்களில் இரண்டு அதிகாரிகள் இதுக்காக மோதினாங்க. ஒருத்தர் மேலிடத்தின் செல்லப்பிள்ளை, பெரிய பேர் எடுத்தவர், தன் கணக்கில் துளி சந்தேகமும் இல்லாதவர். இன்னொருத்தர் மாகாண அளவிலான ஒரு டாக்டர். அந்த டாக்டர் சொன்ன விஷயத்தை மேலே யாரும் கேட்க விரும்பவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில், "சார், இந்தக் கணக்கு தப்பு"ன்னு சொல்லிட்டு, ரூம் முழுக்க அமைதியானதைப் பார்த்தவங்களுக்கு இந்தக் கதை சீக்கிரம் புரியும். ஒரே வித்தியாசம், இங்கே கணக்கு தப்பினால் போவது உயிர்.

முதலில் நிலவரத்தைப் பார்த்துடலாம்.

1876ல் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. மெட்ராஸ் மாகாணம், பம்பாய் மாகாணம், மைசூர், ஹைதராபாத் என்று தக்காணம் முழுக்கப் பயிர் கருகியது. தமிழில் இதற்குத் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர். தானிய விலை ஏறியது. கையில் காசு இல்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

அப்போது மெட்ராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. கால்வாயின் பெயர் அவருடையதுதான். அவருடைய அரசு அர்பத்நாட் கம்பெனி வழியாக 30,000 டன் தானியத்தைச் சத்தமில்லாமல் வாங்கியது. கல்கத்தாவில் இருந்த வைஸ்ராய் லிட்டனுக்கு இது பிடிக்கவில்லை. சந்தையில் அரசு கை வைக்கக் கூடாது, வியாபாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் அரசின் கொள்கை. செலவைப் பற்றிய கவலையும் அவர்களுக்கு இருந்தது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கும் பெரிய தர்பார் நடந்தது. அந்த நேரத்தில் மெட்ராஸில் சுமார் 10 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி இருந்தார்கள்.

"அங்கே போய்ச் செலவைக் கட்டுக்குள் கொண்டு வாங்க" என்ற தொனியில் லிட்டன் ஒருவரை மெட்ராஸுக்கு அனுப்பினார். அவர்தான் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

டெம்பிளை ஒரு முட்டாள் வில்லனாகக் காட்டிவிட்டால் கதை சுலபமாகிடும். ஆனா அது உண்மை இல்லை. பஞ்ச நிவாரணத்தில் அன்றைக்கு இந்தியாவிலேயே பெரிய அனுபவசாலி அவர்தான்.

மூன்று வருஷம் பின்னாடி போவோம். 1873-74ல் பீகாரில் பஞ்சம் வருகிற அறிகுறி தெரிந்தது. அதற்குச் சில வருஷம் முன்பு, 1866ல், ஒரிசா பஞ்சத்தில் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்ததால் சுமார் 10 லட்சம் பேர் இறந்திருந்தார்கள். அந்த அவமானம் எல்லோருக்கும் நினைவில் இருந்தது. அதனால் டெம்பிள் பீகாரில் தாராளமாகச் செலவு செய்தார். பர்மாவிலிருந்து சுமார் 4.5 லட்சம் டன் அரிசி வந்தது. பட்டினிச் சாவு மிகக் குறைவு. பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்ச வரலாற்றில் அது அபூர்வமான வெற்றி.

அதற்கு அவருக்குக் கிடைத்தது திட்டு. எதிர்பார்த்த அளவுக்குப் பஞ்சம் வரவில்லை, அரிசி மிச்சமாகிவிட்டது, பணத்தை அள்ளி இறைத்துவிட்டார் என்று லண்டனிலிருந்து விமர்சனம் வந்தது. எக்கனாமிஸ்ட் பத்திரிகையும் சாடியது. யோசிச்சுப் பாருங்க. சாவைத் தடுத்தால், "சாவே இல்லையே, பின்னே எதுக்கு இவ்வளவு செலவு?"ன்னு கேட்பாங்க. தடுக்கப்பட்ட விபத்துக்கு ஆதாரம் காட்ட முடியாது. நல்லா வேலை செஞ்சு திட்டு வாங்கின ஆள், அடுத்த முறை என்ன செய்வார்? திட்டு வாங்காத மாதிரி வேலை செய்வார்.

1877 ஜனவரியில் மெட்ராஸுக்கு வந்த டெம்பிள் அந்தப் பாடத்தைப் படித்து முடித்தவர். வந்ததும் மாவட்டங்களை வேகமாகச் சுற்றிப் பார்த்தார். நிவாரணத்தில் இருப்பவர்களில் பலருக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்தார். விதிகள் இறுகின. உடம்பில் தெம்பு உள்ளவர்கள் வீட்டுப் பக்கத்தில் வேலை கேட்க முடியாது, 10 மைல் தள்ளி உள்ள வேலைத்தளத்துக்குத்தான் போகணும் என்றது ஒரு விதி. உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவர்தான் அவ்வளவு தூரம் வருவார் என்பது அதன் தர்க்கம். பட்டினியில் இருப்பவரால் 10 மைல் நடக்க முடியுமா என்பது அந்தத் தர்க்கத்துக்குள் வரவில்லை.

அடுத்துக் கூலி. வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் அளவுக்குப் பணம், அதற்கு மேல் கைச்செலவுக்குக் கொஞ்சம் சில்லறை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைவு. இதற்கு டெம்பிள் கூலி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அவ்வளவு அரிசியில் இருப்பது ஏறத்தாழ 1,600 கலோரி. வெயிலில் நாள் முழுக்கக் கல் உடைக்கிற ஆளுக்கு அதுபோல இரண்டு மடங்கு தேவைப்படலாம். கலோரிக் கணக்கு அன்றைக்கு இந்த வடிவத்தில் புழக்கத்தில் இல்லை. ஆனால் இந்த அளவு போதாது என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் மெட்ராஸிலேயே இருந்தார்.

அவர் பெயர் டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர். மாகாணத்தில் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையைத் தயாரித்தவர். அதற்கும் முன்பு, 1860களிலேயே, மெட்ராஸ் மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்து எழுதியவர். அதாவது அவருக்கு இது புது விஷயம் இல்லை. கம்பும் கேழ்வரகும் சோளமும் சாப்பிடுகிற ஜனங்களின் உணவைப் பல வருஷமாகக் கவனித்து வந்தவர்.

ஒரு பவுண்டு போதாது என்று கார்னிஷ் எதிர்த்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். அவர் வாதாடின விதத்தைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கலாம்.

"பாவம், ஏழைங்க"ன்னு அவர் வாதாடியிருந்தால், டெம்பிளிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது: டாக்டருக்கு மனசு இளகிடுச்சு, கஜானாவைப் பார்க்க வேண்டியது நாங்கதானே. அதனால் கார்னிஷ் கருணையை மேஜையில் வைக்கவில்லை. அரசாங்கத்தின் சொந்தக் கணக்கையே எடுத்து வைத்தார். அது சிறைச்சாலை உணவுப் பட்டியல்.

மெட்ராஸ் சிறைகளில் உழைப்புத் தண்டனை பெற்ற கைதிக்கு எவ்வளவு சாப்பாடு என்று அரசே நிர்ணயித்திருந்தது. வருஷக்கணக்காகக் கைதிகளின் எடையையும் நோயையும் சாவையும் பார்த்து வகுத்த அளவு அது. அதில் தானியம் ஒரு பவுண்டுக்கும் மேல். கூடவே பருப்பு உண்டு. திருடினவனுக்கு அரசு கொடுக்கிற சாப்பாட்டைவிட, திருடாமல் மண் வெட்ட வந்தவனுக்குக் கொடுப்பது குறைவு. இதில் எதிராளி மறுக்க ஒன்றும் இல்லை. சிறை அளவு அதிகம் என்று சொன்னால், இத்தனை வருஷம் கைதிக்கு ஏன் வீணாகக் கொடுத்தீர்கள் என்ற கேள்வி வரும். சரியான அளவு என்று ஒப்புக்கொண்டால், கூலி குறைவு என்றும் ஒப்புக்கொண்ட மாதிரி.

இரண்டாவது வாதம் பருப்பு. வெறும் அரிசி வயிற்றை நிரப்பும், தசையைக் காப்பாற்றாது. இன்னைக்கு நாம புரதம்னு சொல்றதை அன்றைய மருத்துவர்கள் நைட்ரஜன் உள்ள சத்து என்று சொன்னார்கள். உடல் உழைப்பு இருக்கும்போது அது இல்லாவிட்டால் உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிக்கும்.

மூன்றாவது வாதம்தான் சொல்லிப் புரியவைக்க ரொம்பக் கஷ்டமானது. அரைகுறைப் பட்டினி உடனே கொல்லாது. முதல் வாரம் ஆள் நடமாடுவான். இரண்டாவது வாரம் வேலையும் செய்வான். உள்ளுக்குள் உடம்பு தேய்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், பிறகு நல்ல சாப்பாடு கொடுத்தாலும் குடல் ஏற்காது. வயிற்றுப்போக்கில் போய்ச் சேருவான். பதிவேட்டில் சாவுக்குக் காரணம் பட்டினி என்று இருக்காது, வயிற்றுப்போக்கு என்று இருக்கும். மெட்ராஸில் பஞ்ச முகாமில் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர், மெலிந்து தேய்ந்துபோன குடல்களைப் பற்றிப் பின்னால் ஒரு புத்தகமே எழுதினார்.

டெம்பிள் என்ன சொன்னார்? ஒரு பவுண்டுத் திட்டத்தை அவர் ஒரு சோதனை மாதிரித்தான் முன்வைத்தார். செய்து பார்ப்போம், கெடுதல் தெரிந்தால் மாற்றிக்கொள்வோம். கேட்க நியாயமாக இருக்கு, இல்லையா? மார்ச் மாதம், வேலைத்தளங்களைப் பார்வையிட்ட பிறகு, ஒரு பவுண்டு போதும் என்றே எழுதினார். டாக்டர்களின் கோட்பாடு ஒரு பக்கம், களத்தில் கண்ணால் பார்த்தது ஒரு பக்கம் என்பது அவர் நிலை.

இங்கேதான் அதீத நம்பிக்கை எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுது. வேலைத்தளத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே யார் இருப்பாங்க? வேலை செய்யத் தெம்பு மிச்சம் இருக்கறவங்க. முடியாதவங்க முகாமுக்குப் போயிருப்பாங்க, இல்லை வழியிலேயே விழுந்திருப்பாங்க. அதனால் எப்போ போய்ப் பார்த்தாலும், "எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க"ன்னுதான் தோணும். நேரில் பார்த்தவர் என்ற தெம்பு டெம்பிளுக்கு இருந்தது. ஆனால் எதைப் பார்க்கவில்லை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு விஷயம், சோதனையின் பலன் யார் மேல விழுது? தப்பா போனா டெம்பிள் ஒரு குறிப்பு எழுதி மாற்றிக்கொள்ளலாம். சோதனைக்கு உள்ளான ஆளுக்கு மாற்றிக்கொள்ள எதுவும் மிச்சம் இருக்காது. கெடுதல் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வந்துட்டா, அது ஏற்கெனவே கை மீறிப் போயிருக்கும். கார்னிஷின் மூன்றாவது வாதத்தின் சாரம் இதுதான்.

கார்னிஷ் வாயால் சொல்லிவிட்டு விடவில்லை. டெம்பிள் மார்ச் 7, மார்ச் 14 தேதிகளில் எழுதிய குறிப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகவே ஒரு நூலை எழுதி அச்சிட்டார். அதன் தலைப்பிலேயே அந்தத் தேதிகள் இருக்கின்றன. ஒரு பவுண்டு தானியம் போதுமா என்பதே அதன் விவாதம். ஓர் அரசு ஊழியர், வைஸ்ராயின் தூதருக்குத் தேதி போட்டு, அச்சில் பதில் சொல்கிறார். அன்றைய நிர்வாகத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அச்சிட்டதால் டெம்பிள் மனம் மாறினாரா? இல்லை. அவரை மாற்ற முடியும் என்று கார்னிஷ் நம்பினாரோ இல்லையோ, அந்த எழுத்து வேறு ஓர் இடத்தில் வேலை செய்தது. மெட்ராஸ் அரசுக்கு டெம்பிளின் உத்தரவு ஆரம்பத்திலிருந்தே உறுத்தல்தான். மேலிடத்து அழுத்தத்தில் ஜனவரியில் பணிந்திருந்தார்கள். பின்வாங்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும், கையில் பிடித்துக்கொள்ள ஒரு காகிதம் வேண்டும். கார்னிஷ் அதைக் கொடுத்தார். அதில் "இது தப்பு" என்பது மட்டும் இல்லை, "இதற்குப் பதிலாக இவ்வளவு கொடுங்கள்" என்ற எண்ணும் இருந்தது.

இதை நான் முக்கியமா நினைக்கிறேன். யாருக்கும் பிடிக்காத கருத்துன்னு நாம நினைக்கிறது பல நேரம் மேலே இருக்கிற ஒருத்தருக்குத்தான் பிடிக்காது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற மத்தவங்களில் பாதிப் பேருக்கு அது தெரிஞ்ச விஷயமாத்தான் இருக்கும். தலையாட்ட அவங்களுக்கு ஒரு பிடிமானம் இல்லை, அவ்வளவுதான். மீட்டிங்கில் எதிரே உட்கார்ந்திருக்கிறவரை ஜெயிக்கணும்னு பேசினா தோத்துடுவோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு உதவற மாதிரி எழுதினா, கதை வேற மாதிரிப் போகலாம்.

1877 மார்ச்சில் மெட்ராஸ் அரசு அளவை உயர்த்தியது. ஒன்றேகால் பவுண்டு தானியம், அதோடு ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. கார்னிஷ் கேட்டதற்கும் டெம்பிள் கொடுத்ததற்கும் நடுவில் ஓர் இடம். அவுன்ஸ் கணக்கைப் பார்த்தீங்கன்னா, பருப்பு 40 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிப் பருப்புக்குத்தான் இத்தனை சண்டை.

அதே சமயம் பம்பாய் மாகாணத்தில் வேறொன்று நடந்தது. அங்கே கூலி குறைக்கப்பட்டதும் நிவாரணத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டுவிட்டு நடந்தார்கள். பட்டினியில் இருப்பவர்கள் செய்த வேலைநிறுத்தம். புனேயின் சர்வஜனிக் சபா அவர்கள் பக்கம் நின்று அரசுக்கு எழுதியது. இதையும் சேர்த்தே சொல்லணும். ஏன்னா கார்னிஷ் கதையை மட்டும் சொன்னா, ஏதோ இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் மட்டும் இதைத் தீர்மானிச்ச மாதிரி ஆகிடும். ஒரு பவுண்டு போதாதுன்னு கண்டுபிடிக்க அந்தத் தொழிலாளிகளுக்கு எந்த அட்டவணையும் தேவைப்படவில்லை. அவங்க சொன்னதை அறிவாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அடங்காமை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அதையே கார்னிஷ் சிறைக் கணக்கில் எழுதினதும் கோப்பில் ஏறியது. அவர் பங்கு பெரிதுதான். ஆனால் அவர் சொன்னது புதுசு இல்லை, சொன்ன இடம்தான் புதுசு.

மார்ச் மாற்றம் எல்லோரையும் காப்பாற்றிவிட்டதா? இல்லை. 1877ல் தென்மேற்குப் பருவமழையும் ஏமாற்றியது. ஆகஸ்டில் மெட்ராஸில் பொதுக்கூட்டம் கூடி பிரிட்டிஷ் மக்களிடம் நிதி கேட்டார்கள். லிட்டனே தெற்கே வந்து பார்க்க வேண்டியதாயிற்று. பஞ்சம் முடிந்தபோது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. இவ்வளவு சாவுக்கும் ஒரு பவுண்டுதான் காரணம் என்று சொல்ல முடியாது. விலையேற்றம், காலரா, காய்ச்சல், வந்து சேராத தானியம் எல்லாம் உண்டு. ஆனால் கையில் எடுத்து அளக்கக்கூடிய, யோசித்து எடுக்கப்பட்ட ஒரு முடிவு அதில் இருந்தது. அதைத் தப்பு என்று ஒருவர் அப்போதே எழுதியும் வைத்திருந்தார்.

டெம்பிள் என்ன ஆனார்? 1877லேயே பம்பாய் கவர்னராகப் பதவி உயர்வில் போனார். பலன் தெரிய வந்தபோது முடிவெடுத்தவர் மெட்ராஸில் இல்லை. பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, 1885ல் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். இதில் நீதி எங்கே என்று கேட்டால், இந்தக் கதையில் அது இல்லை. தப்பாகக் கணக்குப் போட்டவருக்கு மேலே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது சரியாகத் தெரிந்திருந்தது. அவர் வேலைக்கு அந்தத் திறமைதான் தேவைப்பட்டது.

கார்னிஷ் பின்னால் மெட்ராஸின் சர்ஜன் ஜெனரல் ஆனார். அவருடைய எழுத்து இன்னும் கொஞ்ச தூரம் போனது. பஞ்சத்துக்குப் பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் ஒரு பஞ்ச ஆணையம் அமைந்தது. 1880ல் அறிக்கை வந்தது. வேலை செய்யும் ஆணுக்கான உணவு அளவு பற்றி அது வந்து சேர்ந்த இடம், ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு தானியம், அதில் தகுந்த பங்கு பருப்பு. அதையொட்டி மாகாணங்களில் பஞ்ச விதிமுறைகள் எழுதப்பட்டன. 1877ல் அதிகப்படி என்று தள்ளின எண், 3 வருஷத்தில் அடிப்படை எண் ஆனது. அந்த ஆணையம் கார்னிஷிடம் ஓடிப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. எண் மட்டும் அமைதியாக விதிக்குள் நுழைந்தது.

இந்தக் கதையை நம்பிக்கைக் கதையாச் சொல்லலாம், சோகக் கதையாவும் சொல்லலாம். நான் இரண்டையும் விட்டுட்டு ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கறேன். தன் கணக்கில் சந்தேகமே இல்லாத ஒருத்தர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, நமக்கு முதலில் தோணுவது அவரைத் திருத்தணும்னுதான். கார்னிஷ் கதையைப் பார்த்தா, அது தேவைப்படாத வேலை. அவர் எப்போ, எதுக்குத் திட்டு வாங்கினார்னு தெரிஞ்சுக்கிட்டா, அவர் ஏன் இவ்வளவு உறுதியா இருக்கார்னு பாதி புரிஞ்சுடும். மீதிக்கு, அவரே ஒப்புக்கொண்ட ஓர் அளவுகோலை எடுத்து, மாற்று எண்ணோட, தேதி போட்டு எழுதி வைக்கணும். அதுவும் சீக்கிரம். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்துக்கு டெம்பிளோ கார்னிஷோ விலை கொடுக்கவில்லை. ஒரு பவுண்டுக்கு மண் வெட்டினவங்க கொடுத்தாங்க.

உங்க ஆபீஸிலோ காலேஜிலோ இப்படி ஒரு விஷயத்தை எழுதி வெச்ச அனுபவம் இருந்தா எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். வணக்கம்.